புறாவுக்கு ஒரு கைப்பிடி காட்டுப் பழம்



“இயற்கையாக விளைந்தது என்றாலே நல்லதுதானா?” என்பது இன்றைய தலைப்பு. முன்னால் பேசியவர்கள் தேனைப் பற்றிப் பேசினார்கள், பாகற்காயைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் தம் பாட்டி காய்ச்சிக் கொடுத்த கஷாயத்தைப் பற்றிச் சொல்லி அரங்கத்தையே சிரிக்க வைத்தார். எல்லாம் மனிதர் வாய்க்குள் போகும் பொருள்கள். இப்போது எடுத்துக்கொள்ளும் விஷயம் வேறு. வேலியோரத்தில் யாரும் விதைக்காமல் விளையும் காட்டுப் பழத்தைப் பறித்துவந்து பந்தயப் புறாவுக்குப் போடலாமா, கூடாதா?

சிரிக்க வேண்டாம். 2020 நவம்பரில் பெல்ஜியத்தில் ‘நியூ கிம்’ என்ற ஒரு பெண் புறா ஏலத்துக்கு வந்தது. சீனாவைச் சேர்ந்த ஒருவர் அதை எடுத்தார். விலை 1.6 மில்லியன் யூரோ. அன்றைய ரிங்கிட் கணக்கில் 7 மில்லியனுக்கும் மேல்! அதற்கு முந்தைய ஆண்டு ‘அர்மாண்டோ’ என்ற ஆண் புறா 1.25 மில்லியன் யூரோவுக்குப் போனது. இரண்டு கைக்குள் அடங்கும் ஒரு பறவைக்கு இவ்வளவு பணம் என்றால், அதன் தீனித் தட்டில் என்ன விழுகிறது என்பது சின்ன விஷயமா?

ஆனால் ஒன்று. கூடையைத் தூக்கிக்கொண்டு வேலி வேலியாகப் பழம் பறிக்கப் போகிறவர்கள் இந்தக் கோடீஸ்வரர்கள் அல்ல.

சாமானியனின் பந்தயக் குதிரை

ஜெர்மனியில் ரூர் என்று ஒரு நிலக்கரி வட்டாரம். அங்கே பந்தயப் புறாவுக்குச் ‘சாமானியனின் பந்தயக் குதிரை’ என்று பெயர். குதிரை வாங்கப் பணக்காரனால் முடியும். சுரங்கத் தொழிலாளியால் முடியுமா? அவன் வீட்டுக் கொல்லையில் நாலு பலகையை அடித்து ஒரு கூண்டு கட்டினான், புறா வளர்த்தான். வட இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெல்ஜியத்திலும் இதே கதைதான். நாளெல்லாம் பூமிக்கு அடியில், இருட்டில், குனிந்து வேலை செய்கிற மனிதனுக்கு, மேலே வந்ததும் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்ப்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அந்தக் காரணம் புறா.

பிரிட்டனின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடப்பட்டது. ரூர் வட்டாரத்தின் கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. சுரங்கம் போய்விட்டது, புறா இன்னும் இருக்கிறது. வளர்ப்பவருக்குத்தான் வயதாகிவிட்டது. ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறார். கடையில் புறாவுக்கென்றே விற்கும் டானிக்குகளை அவர் ஒவ்வொரு மாதமும் வாங்கிக் கட்டுப்படியாகுமா? வேலியில் பழம் சும்மா தொங்குகிறது. அவர் கை அங்கே போவதில் வியப்பு இல்லை.

(அரண்மனையிலும் புறா உண்டு. 1886-இல் பெல்ஜிய மன்னர் லியோபோல்ட் பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்குப் பந்தயப் புறாக்களை அன்பளிப்பாகக் கொடுத்தார். அதிலிருந்து சாண்ட்ரிங்ஹாம் அரண்மனையில் புறா வளர்க்கத் தொடங்கினார்கள். ஆக, அரசரும் சுரங்கத் தொழிலாளியும் ஒரே ஆட்டம் ஆடிய விளையாட்டு இது.)

புறாப் பந்தயம் என்றதும் சிலருக்கு 2015-இல் வந்த ‘மாரி’ படத்தில் தனுஷ் புறாவோடு நின்றது ஞாபகம் வரும். சென்னையில் புறாப் பந்தயம் உண்மையிலேயே உண்டு. ஆனால் வேலிப்பழம் பறித்துப் போடும் இந்தப் பழக்கத்தைப் பார்க்க ஐரோப்பாவுக்குத்தான் போகவேண்டும். அங்கே பந்தயம் எப்படி நடக்கிறது? புறாக்களைக் கூடையில் அடைத்து, லாரியில் ஏற்றி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்த் திறந்துவிடுவார்கள். ஸ்பெயின் நாட்டின் பார்சலோனாவில் திறந்துவிடப்படும் புறா பெல்ஜியத்தில் இருக்கும் தன் கூண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பறந்து வருகிறது. ஒவ்வொருவர் வீடும் ஒவ்வொரு தூரத்தில் இருப்பதால், தூரத்தை நேரத்தால் வகுத்து, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று கணக்கிட்டு வெற்றி சொல்வார்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது சாதாரண வேகம். பின்காற்று இருந்தால் நூறையும் தாண்டும்.

சீக்கிரம் வீடு திரும்ப வைக்க என்னென்ன தந்திரம் தெரியுமா? கிழமை முழுவதும் ஆணையும் பெண்ணையும் பிரித்து வைப்பார்கள். பந்தயத்துக்குப் போகுமுன் ஜோடியைக் கண்ணில் காட்டுவார்கள். அவ்வளவுதான், ஆண் புறா எங்கும் நிற்காமல் வீட்டைப் பார்த்துப் பறந்து வரும். வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வராத கணவன்மார்களைப் பற்றி யாராவது கவலைப்பட்டால், இந்த முறையை யோசிக்கலாம்!

பழுக்கும் காலமும் உதிரும் காலமும்

பிரிட்டனில் பந்தயம் ஏப்ரலில் தொடங்கி, பெரிய புறாக்கள் ஜூலை வரை, இளம் புறாக்கள் செப்டம்பர் வரை பறக்கும். ஆகஸ்டில் ரோவன் மரம் சிவப்புக் கொத்துகளாகப் பழுக்கிறது. அதை ஒட்டிப் பிளாக்பெர்ரி. ஆகஸ்ட் கடைசியில் எல்டர் மரத்தில் மிளகைப் போலச் சின்னச் சின்னதாக, கறுத்து மினுமினுக்கும் பழங்கள் குடை குடையாகத் தொங்கும். செப்டம்பரில் ஹாதார்ன் முள்மரத்தின் செந்நிறப் பழம், பிறகு காட்டு ரோஜாவின் சிவந்த காய். பறித்தால் யாரும் கேட்க மாட்டார்களா? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968-ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டமே இதற்கு வழிவிடுகிறது. காட்டுச் செடியில் தானாக விளைந்த பழத்தைப் பறிப்பது திருட்டு ஆகாது. விற்பதற்காகப் பறித்தால்தான் குற்றம்.

கவனித்தீர்களா? பழம் பழுக்கும்போது பந்தயம் முடிகிற காலம். அப்போது புறாவுக்கு வேறொரு பெரிய வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதுதான் இறகு உதிர்வு. ஒவ்வொரு சிறகிலும் பத்துப் பெரிய பறப்பு இறகுகள். அவை உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாக உதிர்ந்து, புதிதாக முளைக்கும். அத்தனையும் ஒரே நாளில் விழுந்தால் பறவை தரையில் கிடக்கும். ஆகவே மாதக் கணக்கில் பொறுமையாக நடக்கிறது. அடுத்த ஆண்டுப் பந்தயத்தின் வெற்றி தோல்வி இந்த மாதங்களில்தான் முளைக்கிறது. இளம் புறாக்களுக்கு இறகு உதிர்வதைத் தள்ளிப்போடுவதற்காகக் கூண்டையே மாலையில் சீக்கிரம் இருட்டாக்கி வைப்பவர்களும் உண்டு.

இந்தச் சமயத்தில்தான் பழக் கூடை கொல்லைக்கு வருகிறது. “இரத்தம் சுத்தமாகும், இறகு பளபளக்கும், வைட்டமின் சத்து கிடைக்கும்” என்பார் வளர்ப்பவர். அவர் தந்தையும் அப்படித்தான் சொன்னார். இதில் எது நிற்கும், எது நிற்காது?

முதலில் வைட்டமினைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனுக்கு ஆரஞ்சுப் பழம் வருவது அரிதாகிவிட்டது. 1941 முதல் காட்டு ரோஜாக் காயைப் பறித்து, பாகு காய்ச்சி, குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளே பையைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் போய்ப் பறித்தார்கள். அது அருமையான வேலை. ஏனென்றால் வைட்டமின் ‘சி’யை மனித உடல் தானாகத் தயாரிக்காது, வெளியிலிருந்து கொடுத்தே ஆகவேண்டும். புறாவின் சங்கதி அப்படி இல்லை. அது தனக்கு வேண்டிய வைட்டமின் ‘சி’யைத் தன் சிறுநீரகத்திலேயே தயாரித்துக்கொள்கிறது! கிணறு வைத்திருப்பவன் வீட்டுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்த கதைதான்.

சரி, இறகு? இறகு என்பது ஏறக்குறைய முழுவதும் புரதம். அதிலும் கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள் அதற்கு மிகவும் தேவை. பழத்தில் புரதம் எங்கே இருக்கிறது? எல்டர் பழத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். இறகைக் கட்டுவது பட்டாணியும் அவரை வகைகளும்தான். எண்ணெய்ச் சத்துக்கு ஆளிவிதை இருக்கிறது. பட்டாணியைக் குறைத்துவிட்டுப் பழத்தைக் கூட்டுகிறவர் செங்கல்லைக் குறைத்துவிட்டுச் சுண்ணாம்பு அடிக்கிறார்.

பந்தயத்துக்கு முந்திய நாள்களிலோ பழத்துக்கு இடமே இல்லை. நீண்ட தூரம் பறக்கும் புறா எரிப்பது கொழுப்பை. அதற்காகத்தான் சோளமும் நிலக்கடலையும் போடுகிறார்கள். பந்தயப் புறா ஒரு நாளைக்குத் தின்பது ஏறத்தாழ 30 கிராம் தானியம். அந்தச் சின்னத் தீனிப்பையில் தண்ணீர்ப் பழத்தை நிரப்பினால், எண்ணெய் இல்லாமல் வண்டியைச் சாலைக்கு அனுப்பிய மாதிரி.

அப்படியானால் பழம் வெறும் வீண் என்று முடித்துவிடலாமா? அதுவும் அவசரம். 2020-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மைனாவின் உறவான ஸ்டார்லிங் பறவைகளை, செயற்கையாகக் காற்று வீசும் கூடத்தில் மணிக்கணக்கில் பறக்கவிட்டார்கள். கறுத்த பழங்களுக்கு நிறம் கொடுக்கும் சாயச் சத்து சேர்ந்த தீனியைத் தின்ற பறவைகளுக்கு, நீண்ட நேரம் பறந்த பிறகு ஏறும் உளைச்சல் ஹார்மோன் குறைவாக ஏறியது. வலசை போகும் பறவைகள் இலையுதிர் காலத்தில் கறுத்த பழத்தைத் தேடித் தின்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்டார்லிங் பழம் தின்று பழகிய பறவை. புறா அப்படியா?

மாவு மில்லும் தபால்காரரும்

இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது. சந்தையில் கோழி வாங்கும்போது ஈரலோடு சேர்த்து ஒரு கெட்டியான சதைப் பந்தைக் கொடுப்பார்களே, அதுதான் அரைவைப்பை. புறாவுக்கும் அது உண்டு. நல்ல பலமாகவே உண்டு. புறா பொடிக்கல்லைத் தேடித் தின்பதே அதற்காகத்தான். பல் இல்லாத பறவைக்கு அந்தக் கல்தான் பல். உள்ளே போன விதை அங்கே அரைபட்டு மாவாகிறது. பந்தயப் புறா, அதன் மூதாதையான மாடப்புறா, எல்லாமே நடமாடும் மாவு மில்கள்.

வேலியில் பழம் தின்னும் திரஷ் போன்ற பறவைகள் வேறு சாதி. அவை பழத்தை விழுங்கி, சதையை மட்டும் செரித்துக்கொண்டு, விதையை முழுதாக வெளியே போட்டுவிடும். மரம் பழத்தைக் கொடுப்பதே அதற்காகத்தான்: “என் பிள்ளையைக் கொண்டுபோய் வேறிடத்தில் விடு, கூலியாகச் சதையைத் தின்னு.” அந்தப் பறவை தபால்காரர். உறையைப் பிரித்துப் பார்க்காது. புறாவோ கடிதத்தையே அரைத்துவிடும்.

இதற்கு ஐரோப்பா வரை போகவேண்டியதில்லை. மலேசியக் காடுகளில் அத்திப் பழம் பழுத்தால் புனாய் வரும், பெர்காம் வரும். இரண்டும் புறாக் குடும்பம், இரண்டும் ஒரே மரத்தில் உட்கார்ந்து தின்னும். பகாங் காட்டில் நடந்த ஆய்வு ஒன்று 1989-இல் வெளிவந்தது. புனாய் என்னும் பச்சைப் புறாக்கள் பெரும்பாலும் அத்தி விதையை அரைத்து அழித்துவிடுகின்றன; பெர்காம் விதையை முழுதாக விட்டுவிடுகிறது. ஒரே பழம், ஒரே குடும்பம், இரண்டு வயிறு!

இது ஏன் முக்கியம்? “பறவை தின்கிறதே, பிறகென்ன பயம்?” என்று பழம் பறிக்கிறவர்கள் சொல்வது வழக்கம். எந்தப் பறவை என்பதல்லவா கேள்வி? கல்லறைத் தோட்டங்களில் நிற்கும் யூ மரத்தைப் பாருங்கள். அதன் பழத்தைச் சுற்றியுள்ள சிவப்புச் சதை இனிப்பு. அதில் விஷம் இல்லை. உள்ளே இருக்கும் விதையும் மரத்தின் இலையும் கடும் விஷம்; மாடு தின்றாலே செத்துப்போகும். திரஷ் பறவை சதையைத் தின்று விதையை அப்படியே விட்டுவிடுகிறது, பிழைத்துக்கொள்கிறது. அதே விதை மாவு மில்லுக்குள் போனால்? அதனால் யூ மரத்துப் பக்கமே கூடையைக் கொண்டுபோகக் கூடாது. வேலியில் படர்ந்து சிவப்பாகப் பழுக்கும் நைட்ஷேட் கொடியும் அப்படித்தான். ரோவன் கொத்து என்று நினைத்து அதையும் சேர்த்துப் பறித்துவிடக் கூடாது. பெயர் தெரியாத பழம் கூடையில் ஏறவே கூடாது.

எல்டர், ரோவன், ஹாதார்ன் ஆகியவற்றுக்கு ஓரளவு சாட்சி இருக்கிறது. பந்தயப் புறாவின் நெருங்கிய உறவான காட்டுப் புறா இந்தப் பழங்களைத் தானாகவே தேடித் தின்கிறது. அதற்கும் அரைவைப்பை உண்டு. ஆகவே இந்தச் சாட்சி திரஷ் பறவையின் சாட்சியைவிடப் பெரியது. பழம் நன்றாகக் கனிந்திருக்க வேண்டும், காம்பும் இலையும் நீங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். எல்டரின் இலை, தண்டு, பச்சைக் காய் இவற்றில் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது. மனிதர்கள்கூட எல்டர் பழத்தை வேகவைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். ரோவனில் ஒருவகைக் கசப்பு அமிலம் உண்டு. பச்சையாகத் தின்றால் மனிதனுக்கு வயிறு புரட்டும். 1859-இல் ஹோஃப்மன் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அதன் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த சோர்பிக் அமிலம்தான், இன்று ரொட்டியிலும் பாலாடைக்கட்டியிலும் பூசணம் பிடிக்காமல் இருக்கச் சேர்க்கப்படுகிறது. பேரங்காடியில் வாங்கும் பொட்டலத்தில் ‘இ 200’ என்று இருந்தால் அது இதுதான்.

வல்லூறு சொன்ன சாட்சி

பழம் நல்லது, சரி. பழத்தின் மேல் என்ன படிந்திருக்கிறது? இதைச் சொல்ல ஒரு பழைய வழக்கைத் திறக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் புறாவை ஏற்றிக்கொண்டு போயின. விமானம் கடலில் விழுந்தால் புறா செய்தி கொண்டுவரும். 1942 பிப்ரவரியில் வட கடலில் விழுந்த ஒரு விமானத்திலிருந்து ‘விங்கி’ என்ற புறா, உடம்பெல்லாம் எண்ணெயோடு, 120 மைல் பறந்து ஸ்காட்லாந்தில் இருந்த தன் கூண்டுக்கு வந்து சேர்ந்தது. அதை வைத்துத் தேடிப்போய் வீரர்களைக் காப்பாற்றினார்கள். விங்கிக்கு 1943-இல் டிக்கின் பதக்கம் கிடைத்தது. இப்படிப்பட்ட தூதர்களை வல்லூறு அடித்துத் தின்னக் கூடாதென்று 1940-இல் அரசாங்கமே ஆணை போட்டு, நூற்றுக்கணக்கான வல்லூறுகளைச் சுட்டுத் தள்ளியது.

போர் முடிந்தது. வல்லூறுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. 1960-ஆம் ஆண்டு வாக்கில் புறா வளர்ப்பவர்கள் அரசாங்கத்திடம் முறையிட்டார்கள்: “வல்லூறு பெருகிவிட்டது, எங்கள் புறாக்களைத் தின்கிறது, பாதுகாப்பை எடுங்கள்.” சரி, எண்ணிப் பார்ப்போம் என்று டெரெக் ராட்கிளிஃப் என்ற இயற்கை ஆய்வாளரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். 1961, 1962 ஆண்டுகளில் எண்ணிப் பார்த்தால், தலைகீழ்! வல்லூறு பெருகவில்லை, அழிந்துகொண்டிருந்தது. கூடுகள் காலி. முட்டைகள் கூட்டிலேயே உடைந்து கிடந்தன.

காரணம் என்ன? வயலில் விதைக்கும் விதைக்கு டீல்ட்ரின் போன்ற பூச்சிமருந்தைப் பூசினார்கள். புறா அந்த விதையைத் தின்றது. வல்லூறு புறாவைத் தின்றது. டி.டி.டி. சேர்ந்த வல்லூறின் முட்டை ஓடு மெலிந்துபோனதை 1967-இல் ராட்கிளிஃப் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். புறாக்காரர்கள் வல்லூறின்மேல் வழக்குப் போடப் போய், தங்கள் புறாக்கள் தின்ற தீனியிலேயே விஷம் இருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. அந்த மருந்துகள் பிறகு தடை செய்யப்பட்டன. வல்லூறு மீண்டு வந்து, இன்று நகரத்துத் தேவாலயக் கோபுரங்களிலும் கூடு கட்டுகிறது. புறாக்காரர்களுக்கு அதில் மகிழ்ச்சி இல்லை என்பது வேறு கதை!

காட்டுப் பழ வேலி எங்கே இருக்கிறது? பெரும்பாலும் வயலின் ஓரத்தில். வயலில் தெளிக்கும் மருந்து காற்றில் நகர்ந்து வேலியில் படியாதா? யாரும் விதைக்கவில்லை என்பதால் யாரும் மருந்து தெளிக்கவில்லை என்று ஆகிவிடாது. இல்லையென்றால் சாலையோரத்தில். ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. மண்ணில் படிந்த ஈயம் அவ்வளவு எளிதில் போவதில்லை. விவரம் தெரிந்தவர்கள் பெரிய சாலையை விட்டு விலகி, மேய்ச்சல் நிலத்து வேலியில், இடுப்புக்கு மேலே இருக்கும் கொத்துகளை மட்டும் பறித்து, வீட்டில் கழுவிப் போடுகிறார்கள். முழு வேலியையும் மொட்டையடிப்பதும் இல்லை. அக்டோபரில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து குளிருக்குத் தப்பிப் பறந்து வரும் பறவைகளுக்கு அதுதான் சாப்பாடு. தானிய மூட்டை வைத்திருக்கும் புறா அதைப் பங்கு கேட்பது நியாயமில்லை.

எச்சத்தைப் படிப்பவர்

அளவு என்று பார்த்தால், ஒரு புறாவுக்கு நாலைந்து எல்டர் பழம், கிழமைக்கு ஓரிரு முறை. போதும். மாலையில் மிஞ்சிக் கிடப்பதை அள்ளி வெளியே போட்டுவிட வேண்டும். புளித்த பழம் தீனிப்பைக்கு ஆகாது. எல்டரைத் தாளில் பரப்பிக் காயவைத்து எடுத்துவைத்தால் குளிர்காலம் வரைக்கும் வரும்.

இன்னொன்று உண்டு. நல்ல புறாக்காரர் காலையில் கூண்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது புறாவின் முகத்தை அல்ல, எச்சத்தை. உருண்டையாக, பழுப்பாக, மேலே வெள்ளைத் தொப்பி போட்ட மாதிரி இருந்தால் நிம்மதி. பச்சையாக, தண்ணீராக இருந்தால் ஏதோ நோய் வருகிறது. மருத்துவர் இல்லாத வீட்டில் அதுதான் இரத்தப் பரிசோதனை. எல்டர் பழத்தைக் கொட்டிப் போட்டால் எச்சம் எல்லாம் ஊதா நிறமாகிவிடும். நோய் வந்தாலும் தெரியாது. ஆரோக்கியத்துக்காகப் போட்ட பழம் ஆரோக்கியத்தைக் காட்டும் கண்ணாடியில் சாயம் பூசிவிடும். தினந்தோறும் போடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

பழத்தைக் குறை சொல்லும்போது மற்ற பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2013-இல் பெல்ஜியப் பந்தயப் புறாக்கள் இருபதின் மாதிரிகளைத் தென்னாப்பிரிக்க ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். ஆறில் மருந்து இருந்தது. ஐந்தில் வலிநிவாரணி. ஒன்றில் கொக்கெய்ன்! புறாவுக்குக் கொக்கெய்ன் கொடுத்துப் பறக்கவிடும் காலத்தில், ஒரு கிழவர் கையில் கீறல் பட்டுக்கொண்டு முள்வேலியில் பழம் பறித்து நிற்பதைப் பார்த்து யார் சிரிக்க முடியும்?

அந்தக் கைதான் கடைசிச் செய்தி, நடுவர் அவர்களே. புறா வானத்திலிருந்து வந்து கூரைமேல் உட்கார்ந்தால் பந்தயம் முடிந்துவிடாது. கூண்டுக்குள் நுழைந்து, காலில் இருக்கும் மின்னணு வளையம் வாசல் தட்டின்மேல் பட்டால்தான் நேரம் பதியும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடம் என்பது 1,300 மீட்டர். முந்நூறு கிலோமீட்டர் உயிரைக் கொடுத்துப் பறந்து வந்த புறா, கூரைமேல் உட்கார்ந்து மூன்று நிமிடம் சிறகு கோதினால் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டரை இழக்கிறது. கீழே நிற்கும் மனிதருக்கு நெஞ்சு வெடிக்கும்! கத்த முடியாது, கல்லெறிய முடியாது. அதற்காகத்தான் பலர் ஒரு தகரக் குவளையில் நிலக்கடலையோ சின்னத் தானியமோ வைத்துக் குலுக்கிக் கூப்பிடுகிறார்கள். மழைக்கால மாலைகளில், அவசரமில்லாத நாள்களில், ஒவ்வொன்றாகக் கையில் வைத்து நீட்டி ஊட்டப் பழகிய பழமும் அதே வேலையைச் செய்யும். அந்தக் கையைப் பார்த்தால் பயப்படாமல் இறங்க வேண்டும் என்பது புறாவுக்குப் பழகியிருக்கும்.

வைட்டமினுக்காகப் போட்டார் ஒருவர். அது புறாவுக்குத் தேவைப்படவில்லை. இறகுக்காகப் போட்டார் இன்னொருவர். அதைப் பட்டாணி பார்த்துக்கொண்டது. செப்டம்பர் சனிக்கிழமை ஒன்றில், இளம் புறாக்களின் கடைசிப் பந்தயத்தில், கூரைமேல் வந்து உட்கார்ந்த புறா கீழே நீட்டிய உள்ளங்கையில் நாலு உலர்ந்த எல்டர் பழங்களைப் பார்க்கிறது. தலையைச் சாய்க்கிறது. இறங்கி, வாசல் தட்டை மிதித்து, உள்ளே நடக்கிறது. தட்டு ‘பீப்’ என்கிறது.